சர்ஜரி ரெசிடென்சிக்குப் பட்டியல் போட ஃப்ரீடா போதுமா?

அமெரிக்காவில் ஜெனரல் சர்ஜரி ரெசிடென்சிக்கு, அதாவது எம்பிபிஎஸ் முடித்த பின் செய்யும் சர்ஜரி நிபுணர் பயிற்சிக்கு, விண்ணப்பிக்கிற நம் ஊர் எம்பிபிஎஸ் பிள்ளைகள் ஆகஸ்ட் வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, எத்தனை ப்ரோக்ராம் போடணும்?" எண்ணிக்கையை அப்புறம் பேசலாம், முதலில் எந்தெந்த ப்ரோக்ராம் உன் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்காது என்று கண்டுபிடி, அதற்கு ஃப்ரீடாவைத் திற என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். நானும் தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்து இங்கே சர்ஜரி ரெசிடென்டாக இருப்பவள். ஒவ்வொரு வருடமும் ஜூனியர்களின் பட்டியலை உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கிறேன். அதனால் இந்தத் தளம் எங்கே கை கொடுக்கும், எங்கே கை விரிக்கும் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஃப்ரீடா என்பது அமெரிக்க மருத்துவச் சங்கம், அதாவது ஏஎம்ஏ, நடத்துகிற தேடுதளம். எல்லாத் துறைகளும் சேர்த்து 13,000-க்கும் மேற்பட்ட ரெசிடென்சி, அதற்குப் பின் செய்யும் ஃபெலோஷிப் ப்ரோக்ராம்கள் அதில் இருக்கின்றன, ஜெனரல் சர்ஜரி மட்டுமே முன்னூறைத் தாண்டும். தேடிப் பார்க்கக் காசு கிடையாது. சில வசதிகள் மட்டும் சங்க உறுப்பினர்களுக்கு என்று பூட்டி வைத்திருக்கிறார்கள், அது இல்லாமலே வேலை நடக்கும், ஒரு எக்செல் ஷீட் போதும். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாதவற்றைக் கழிக்க இதைவிட நல்ல இலவசக் கருவி இல்லை. எது நல்ல ப்ரோக்ராம் என்று தேர்ந்தெடுக்க இது போதவே போதாது. இந்த வித்தியாசம் தெரியாமல் இதை மட்டும் வைத்துப் பட்டியல் போடுகிறவர்கள்தான் அதிகம், அவர்கள் காசு போவதைப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை.

காசு என்று சும்மா சொல்லவில்லை. விண்ணப்பங்களை அனுப்பும் பொதுத் தளமான ஈராஸில் 2025 பருவத்துக் கட்டணப்படி முதல் 30 ப்ரோக்ராமுக்குத் தலா 11 டாலர், 31-ஆவதில் இருந்து தலா 30 டாலர். 60 போட்டால் 1,230 டாலர், ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாய். 100 போட்டால் 2,430 டாலர், இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகளான ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சிகே, ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குச் சான்று தரும் அமைப்பான இசிஎஃப்எம்ஜியின் சான்றிதழ், அங்குள்ள மருத்துவமனையில் கூட நின்று பார்க்கும் அப்சர்வர்ஷிப்புக்கு விமான டிக்கெட், வாடகை என்று ஏற்கெனவே வீட்டில் வாங்கின கடன்மேல்தான் இதுவும் ஏறுகிறது. விசாவே கொடுக்காத ஒரு ப்ரோக்ராமுக்கு 30 டாலர் கட்டுவது அப்பாவின் பிஎஃப் பணத்தை எடுத்துச் சாக்கடையில் போடுவது. ஃப்ரீடாவில் ஐந்து நிமிடம் செலவழித்தால் அதைத் தடுக்கலாம்.

அதனால் முதல் வடிகட்டி விசா. ஒவ்வொரு ப்ரோக்ராம் பக்கத்திலும் ஜே-1, எச்-1பி, இரண்டும், எதுவும் இல்லை என்று ஒரு விவரம் இருக்கும். எதுவும் இல்லை என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடுங்கள். ஜே-1 மட்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான இடங்களில் அதுதான். அதற்கு இசிஎஃப்எம்ஜி ஸ்பான்சர் செய்யும், நம் சுகாதார அமைச்சகத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்க வேண்டும், படித்து முடித்ததும் இரண்டு வருடம் ஊர் திரும்ப வேண்டும் அல்லது அந்த விதியிலிருந்து விலக்கு வாங்கித் தரும் வேய்வர் வேலை தேட வேண்டும். எச்-1பி என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் பல பேர் ஏமாறுகிறார்கள். ரெசிடென்சி சேரும் முன்பே ஸ்டெப் 3 முடித்திருக்க வேண்டும் என்பது ஒன்று. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்களே, அது இன்னொன்று. அதற்கு முன்னால் ஒரு ப்ரோக்ராம் ஃப்ரீடாவில் என்ன எழுதி வைத்திருந்தாலும் இப்போதும் அப்படியே நடக்கும் என்று நம்ப வேண்டாம். தளத்தில் இருப்பது அந்தந்த ப்ரோக்ராம்கள் வருடாந்திரக் கணக்கெடுப்பில் தாங்களே நிரப்பிக் கொடுப்பது. சில அலுவலகங்கள் ஒழுங்காகப் புதுப்பிக்கின்றன, சிலவற்றில் பழைய விவரமே கிடக்கிறது, சிலவற்றில் பாதிக் கட்டங்கள் காலி. ஆகவே ஃப்ரீடாவில் பார்த்த விசா விவரத்தை ப்ரோக்ராமின் சொந்த வலைப்பக்கத்தில் ஒருமுறை சரிபார்க்காமல் எக்செல்லில் ஏற்றாதீர்கள். இரண்டும் முரண்பட்டால் சொந்தப் பக்கத்தை நம்புங்கள், அதுவும் தெளிவாக இல்லையென்றால் கோஆர்டினேட்டருக்கு எழுதிக் கேளுங்கள்.

இப்போது இந்தத் தளத்தின் மிகப் பெரிய பொறிக்கு வருகிறேன். ஐஎம்ஜி, அதாவது அமெரிக்காவுக்கு வெளியே மருத்துவம் படித்தவர்களின், சதவீதம். ப்ரோக்ராமில் எத்தனை பேர் அமெரிக்க எம்டி, எத்தனை பேர் டிஓ (அமெரிக்காவின் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்), எத்தனை பேர் வெளிநாட்டில் படித்தவர்கள் என்று சதவீதம் போட்டிருப்பார்கள். ஒரு இடத்தில் 35 சதவீதம் ஐஎம்ஜி என்று பார்த்ததும் நம் பிள்ளைகளுக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த எண் இரண்டு விஷயங்களை மறைக்கிறது. அமெரிக்கக் குடிமகனாக இருந்து கரீபியன் தீவுகளில் மருத்துவம் படித்தவரும் அந்தக் கணக்கில் ஐஎம்ஜிதான், அவருக்கு விசா தேவையில்லை. மதுரையிலோ தஞ்சாவூரிலோ படித்தவரும் ஐஎம்ஜிதான், இரண்டு பேரும் ஒரே சதவீதத்தில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். அடுத்தது, அந்த ஐஎம்ஜிகள் ஐந்து வருட கேட்டகாரிக்கல் இடத்தில் இருக்கிறார்களா, ஒரு வருட ப்ரிலிம் இடத்தில் இருக்கிறார்களா என்பதும் அதில் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி ப்ரோக்ராமின் வலைப்பக்கத்தில் இப்போதைய ரெசிடென்ட்கள் பட்டியலைத் திறந்து பார்ப்பது. பெயர், போட்டோ, எந்த மருத்துவக் கல்லூரி என்று எல்லாம் இருக்கும். முதல் வருடத்தைப் பார்க்காதீர்கள், மூன்றாம் வருடம், நான்காம் வருடம், சீஃப் எனப்படும் கடைசி வருடம் பாருங்கள். அங்கே இந்தியா, பாகிஸ்தான், நைஜீரியா, லெபனான் என்று ஏதாவது ஒரு கல்லூரிப் பெயர் தெரிந்தால் அந்த ப்ரோக்ராம் வெளிநாட்டுப் பட்டதாரியை எடுத்து, ஐந்து வருடமும் வைத்துப் பயிற்சி கொடுக்கிறது என்று அர்த்தம். முதல் வருட ப்ரிலிம் வரிசையில் மட்டும் ஏழெட்டு வெளிநாட்டுக் கல்லூரிகள், மேலே ஏற ஏற ஒன்றுகூட இல்லை என்றால், அந்த இடம் உங்களை வேலைக்கு எடுத்துக்கொள்ளும், சர்ஜனாக்காது. இதை முன்னூறு ப்ரோக்ராமுக்கும் செய்ய வேண்டியதில்லை, விசா வடிகட்டியில் தப்பியவற்றுக்குச் செய்தால் போதும், சில வார இறுதிகளில் முடிந்துவிடும். டிஓ சதவீதம் ஏறக்குறைய நூறு என்று தெரிகிற ப்ரோக்ராம்களையும் இதே சாக்கில் நீக்கிவிடலாம். முன்பு டிஓ மருத்துவர்களுக்கென்று தனி அங்கீகாரத்தில் நடந்து, 2020-க்குள் பொது அங்கீகாரத்துக்குள் வந்தவை அவற்றில் பல, இன்னமும் அந்த வட்டத்திலிருந்தே எடுக்கிறார்கள்.

ப்ரிலிம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கேட்டகாரிக்கல் என்றால் ஐந்து வருடமும் உறுதி, முடித்தால் அமெரிக்கன் போர்டு ஆஃப் சர்ஜரி தேர்வு எழுதலாம். ப்ரிலிமில் ஒரு வருட ஒப்பந்தம்தான். ரேடியாலஜி, அனஸ்தீசியா என்று அடுத்த இடம் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு அது முதல் வருடப் பயிற்சி, அவருக்குப் பிரச்சினை இல்லை. அடுத்த இடம் எதுவும் கையில் இல்லாமல் வருகிறவர் அதே டியூட்டி, அதே பேஜர், அதே நைட் ஷிப்ட் எல்லாம் பார்த்துவிட்டு அடுத்த ஜூன் 30-ஆம் தேதி நடுத்தெருவில் நிற்கலாம். ஹால்ஸ்டெட் 1889-ஐ ஒட்டி ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தொடங்கிய முறையே பிரமிடுதான், கீழே பல பேரை எடுத்து மேலே ஒருவரை மட்டும் கொண்டுபோவது. பிறகு பாஸ்டனில் எட்வர்ட் சர்ச்சில் அதை மாற்றி, சேர்ந்தவர்கள் பெரும்பாலும் முடித்து வெளியே போகும்படி ஒரு திட்டம் கொண்டுவந்தார், இன்றைய கேட்டகாரிக்கல் முறை அதன் வழியில் வந்தது. அடுத்த இடம் உறுதியில்லாத ப்ரிலிம் இடங்களில் அந்தப் பழைய பிரமிடு இன்னும் உயிரோடு இருக்கிறது, அதன் அடித்தளத்தில் நிற்பவர்களில் பலர் நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பட்டதாரிகள்.

ப்ரிலிம் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு வருடம் நன்றாக உழைத்து, அதே இடத்திலோ வேறு இடத்திலோ கேட்டகாரிக்கல் வாங்கியவர்களை நேரில் தெரியும். ஆனால் போடும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: கடந்த சில வருடங்களில் இங்கே ப்ரிலிம் முடித்தவர்கள் எங்கே போனார்கள்? நேர்மையான ப்ரோக்ராம்கள் அதைத் தங்கள் பக்கத்திலேயே போடுகின்றன, பெயரோடு, போன இடத்தோடு. போடாதவர்களிடம் இன்டர்வியூவில் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் புரிந்துகொள்ளுங்கள். ஃப்ரீடாவில் இதற்கான கட்டமே கிடையாது. இந்தத் தளத்தில் எனக்கு இருக்கும் பெரிய குறை அதுதான்.

சரி, கழித்தாயிற்று, ஒரு எழுபது எண்பது மிஞ்சுகிறது என்று வையுங்கள். இதில் எங்கே போனால் கத்தி கைக்கு வரும்? ஃப்ரீடா ப்ரோக்ராம்களைப் பல்கலைக்கழகம் சார்ந்தது, கம்யூனிட்டி மருத்துவமனை, கம்யூனிட்டியாக இருந்து பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்று வகை பிரித்துக் காட்டும். நல்ல ஆரம்பம், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒரு ரெசிடென்ட் ஐந்து வருடத்தில் குறைந்தது 850 பெரிய ஆபரேஷன்கள் செய்திருக்க வேண்டும், அதில் 200 சீஃப் வருடத்தில். இது எல்லா இடத்துக்கும் பொதுவான விதி. எல்லாரும் 850-ஐத் தொட்டுவிடுகிறார்கள், கேள்வி அதைப் பற்றியது இல்லை. முதல் வருடத்தில் ஹெர்னியாவை நீங்கள் செய்கிறீர்களா, ரிட்ராக்டர் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களா? விப்பிள் என்ற பெரிய கணைய ஆபரேஷன் வரும்போது சீஃப் செய்கிறாரா, ஃபெலோ வந்து எடுத்துக்கொள்கிறாரா? பெயர் பெற்ற பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு ஃபெலோஷிப் இருக்கும், நோயாளிகள் நிறைய, கேஸ் நிறைய, ஆனால் மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்கப் போட்டியும் நிறைய.

கவுண்டி மருத்துவமனை, அதாவது நம் ஜி.ஹெச். மாதிரிப் பொது மருத்துவமனை, உள்ள ப்ரோக்ராம்களின் தன்மை வேறு. டாலஸில் பார்க்லேண்ட், ஹூஸ்டனில் பென் டாப், அட்லாண்டாவில் கிரேடி மாதிரி இடங்களில் காப்பீடு இல்லாத ஏழைகளும் விபத்துக் கேஸ்களும் இரவு பகல் பாராமல் வந்துகொண்டே இருக்கும், ரெசிடென்ட்களுக்குப் பொறுப்பும் அதிகம். ஜி.ஹெச். காஷுவால்டியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தவர்களுக்கு அந்தக் கூட்டமும் வேகமும் பழக்கப்பட்டதுதான். ஆனால் அங்கெல்லாம் கேட்டகாரிக்கல் வாங்குவது நமக்கு மிகவும் கடினம், அவற்றில் பெரும்பாலானவை பெரிய பல்கலைக்கழகங்களின் கீழ் இருப்பவை. அப்படிப்பட்ட இடங்களில் நுழைந்த வெளிநாட்டுப் பட்டதாரிகளைப் பாருங்கள், பல பேர் இரண்டு மூன்று வருடம் ஆராய்ச்சி ஃபெலோவாக இருந்து, பேப்பர்கள் எழுதி, அங்குள்ள சர்ஜன்களே தொலைபேசியை எடுத்துச் சிபாரிசு செய்யும் அளவுக்குப் பழகிய பிறகு வந்தவர்கள். ஆராய்ச்சி வருடங்கள் இல்லாமல் நேராக வருகிறவருக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கம்யூனிட்டி ப்ரோக்ராம்கள்தான் நடைமுறையில் வாய்ப்புள்ள இடம். அதைத் தாழ்வாக நினைக்காதீர்கள், நான் பார்த்த வரையில் அங்கே கை நன்றாகத் தேறுகிறது.

இதற்குத் துணையாக ஃப்ரீடாவுக்கு வெளியே ஒரு இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அமெரிக்கன் போர்டு ஆஃப் சர்ஜரி தன் தளத்தில் ஒவ்வொரு ப்ரோக்ராமிலும் எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு இரண்டிலும் முதல் முயற்சியிலேயே தேறியவர்கள் எத்தனை சதவீதம் என்று வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சின்ன ப்ரோக்ராம்களில் வருடத்துக்கு மூன்று நான்கு பேர்தான் எழுதுவார்கள், ஒருவர் தவறினாலே எண் விழுந்துவிடும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள். இரண்டு தேர்விலும் தேர்ச்சி மிகக் குறைவாக இருந்தால் அங்கே படிக்க நேரம் கொடுக்கிறார்களா, பாடம் நடக்கிறதா என்று கேட்க உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஃப்ரீடாவில் சம்பளம், விடுமுறை நாட்கள், வாரத்துக்குச் சராசரி எத்தனை மணி நேரம் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். சம்பளம் சரியாக இருக்கும். மணி நேரக் கட்டத்தை நான் படிப்பதே இல்லை. 2003 முதல் நான்கு வாரச் சராசரியில் வாரம் 80 மணி நேரம்தான் உச்சவரம்பு, அதை மீறுகிறோம் என்று எந்த அலுவலகமும் தானாக எழுதி வைக்காது.

ரெசிடென்சி எக்ஸ்ப்ளோரர் என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏஏஎம்சி-யின் கருவி ஒன்றும் இருக்கிறது, உங்கள் மதிப்பெண், பேப்பர் எண்ணிக்கை எல்லாம் கொடுத்தால் அந்த ப்ரோக்ராமில் சேர்ந்தவர்களோடு வைத்துக் காட்டும். எண்களைப் பார்க்க நன்றாக இருக்கிறது. ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரியிலிருந்து பாஸ், ஃபெயில் மட்டும்தான் என்பதால் எல்லாப் பாரமும் ஸ்டெப் 2 சிகே மேல் விழுந்துவிட்டது, உங்கள் எண் அங்கே எங்கே நிற்கிறது என்று ஒரு பார்வை கிடைக்கும். அதைத் தாண்டி எனக்கு அதில் பெரிய பயன் தெரியவில்லை.

காசு வாங்கிக்கொண்டு "உங்களுக்கென்றே தயாரித்த" பட்டியல் கொடுப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் ஜூனியர் ஒருத்தி அப்படி ஒரு நிறுவனத்திடம் வாங்கிய பட்டியலை என்னிடம் காட்டினாள். ஃப்ரீடாவில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய விவரங்களை நிறம் போட்டு அடுக்கி வைத்திருந்தார்கள், விசா கொடுக்காத ப்ரோக்ராம்களும் அதில் கிடந்தன, கேட்டகாரிக்கல் எது ப்ரிலிம் எது என்று பிரிக்கவே இல்லை. மூன்று ஷிப்ட்டுக்கு நடுவில் உட்கார்ந்து அதை நாங்கள் திரும்பவும் முதலிலிருந்து போட்டோம். இதற்குக் காசு கொடுக்காதீர்கள். அந்த வேலையை நீங்களே செய்தால் ஒவ்வொரு ப்ரோக்ராமும் மனசில் பதியும், இன்டர்வியூவில் அது பேசும்.

கடைசியாக சிக்னல். ஜெனரல் சர்ஜரியில் முன்பு 5 சிக்னல்தான், 2025 பருவத்திலிருந்து 15 ஆக்கினார்கள். எனக்கு உங்கள் இடம் நிஜமாகவே வேண்டும் என்று 15 ப்ரோக்ராம்களுக்கு மட்டும் சொல்ல முடியும், யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும். சிக்னல் இல்லாமல் இன்டர்வியூ வரும் வாய்ப்பு குறைவு, அதனால் உங்கள் எக்செல்லில் மேலே வருகிற 15 எவை என்பதுதான் இந்த முழு வேலையின் பலன். அதைப் பெயருக்காக வீணாக்காதீர்கள். விசா உறுதி, மூன்றாம் வருடத்துக்கு மேல் வெளிநாட்டுப் பட்டதாரி கேட்டகாரிக்கலில் இருக்கிறார், அங்கே அப்சர்வர்ஷிப் செய்திருக்கிறீர்கள் அல்லது உங்களைத் தெரிந்த ஒரு சர்ஜன் இருக்கிறார், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கிற இடத்துக்கு மட்டும் அனுப்புங்கள். விண்ணப்பத்தில் நாட்டின் ஒன்பது பகுதிகளில் மூன்றைத் தேர்ந்தெடுக்கவும் சொல்வார்கள், உங்கள் சிக்னல்கள் எந்தப் பகுதிகளில் குவிகின்றனவோ அவற்றையே போடுங்கள், ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் படிக்கிறவருக்கு நம்பிக்கை வராது.

கோஆர்டினேட்டருக்கு எழுதும் மின்னஞ்சலைச் செப்டம்பர் கடைசி வரை தள்ளாதீர்கள், விண்ணப்பங்கள் திறந்த பிறகு அவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஆகஸ்டிலேயே எழுதுங்கள், மூன்று வரி போதும்: இந்த வருடம் கேட்டகாரிக்கல் இடத்துக்கு ஜே-1 ஸ்பான்சர் செய்கிறீர்களா, பட்டம் வாங்கி இத்தனை வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு உண்டா, ஸ்டெப் 2 சிகே-க்குக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டா. உங்கள் சாதனைகளை எல்லாம் அதில் எழுத வேண்டாம். பதில் வந்த தேதியோடு எக்செல்லில் குறித்து வையுங்கள்.